அடைமொழிக்கு ஏழு எழுத்து

டண்டீ நகரத்து மாலை நாளிதழில்
இறந்தவர்களின் பக்கம் இஷ்பெல் கெடஸ் பொறுப்பு.
டே ஆற்றுப் பாலம் தெரியும் ஜன்னல்,
ஆறிப்போன தேநீர்,
பூட்டு வைத்த ஓர் இழுப்பறை.
அதற்குள் இருப்பவர்கள் எல்லாரும்
இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.
எழுதி வைத்தாயிற்று, தேதி மட்டும் பாக்கி.

எமினென்ட் என்றொரு சொல் அங்கே புழங்குகிறது.
நம் காதில் விழும்போதே
எமன் முன்னால் வந்து நிற்கிறான்.
இஷ்பெலுக்கு அந்த வேடிக்கை தெரியாது.
அவள் கவலை வேறு:
யாருக்கு அளப்பது, யாருக்குக் கையை விரிப்பது.

அறுவை மருத்துவருக்குத் தரலாம்.
நீதிபதிக்குத் தரலாம்.
பாசிகளைப் பற்றி மூன்று தொகுதி எழுதிய பேராசிரியருக்குக்
கேள்வியே இல்லாமல் தரலாம்.
கால்பந்துக்காரர் வெறும் ஃபேமஸ்.
விஸ்கி கடத்தியவனும் பேர்போனவன்தான்,
அந்தப் பேருக்கு வேறு சொல் உண்டு.
நாற்பது வருஷம் ஊர்க் குழாய்களை அடைத்தவரை
எமினென்ட் பிளம்பர் என்று போட்டால்
கிண்டல் என்று மகன் சண்டைக்கு வருவான்.
பெண்கள் என்றால் பெரும்பாலும்
அன்புக்குரிய.
அது இலவசம்.

இன்னொரு விதி, எந்த அகராதியிலும் இல்லாதது:
தன் வாயால் தனக்குச் சொல்லிக்கொண்டால்
வாயை மூடுமுன் உதிர்ந்துவிடும்.

அக்டோபரில் மிஸ்டர் லாக்லன் பெட்ரி
பிறந்த தேதியைச் சரிபார்க்க மாடியேறி வந்தார்.
(கத்தி பிடித்தவர்களை அங்கே டாக்டர் என்பதில்லை,
மிஸ்டர்தான் கௌரவம்.)
வயது தொண்ணூற்றொன்று. மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டியது.
காட்டக் கூடாத தாளை இஷ்பெல் காட்டினாள்.

முதல் வரியிலேயே பிழை.
எமினென்ட் இருக்க வேண்டிய இடத்தில்
இம்மினென்ட்.
மழைக்கும் போருக்கும் பிரசவத்துக்கும் சொல்வது,
இதோ, வாசல்வரை வந்துவிட்டது என்று.

அவர் சிரித்த சிரிப்பில்
விளையாட்டுப் பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
"மாற்றாதே அம்மா, இதுதான் துல்லியம்."

பிறகு அவள் கையைக் கேட்டு வாங்கி
கட்டைவிரலின் அடியிலுள்ள மேட்டை அழுத்தினார்.
"உடற்கூறு வகுப்பில் எமினென்ஸ் என்றால்
இந்த மாதிரி ஒரு புடைப்பு, அவ்வளவுதான்.
லத்தீன்காரனுக்குத் துருத்திக்கொண்டு நிற்பது.
எலும்பில் சில புடைப்புகள் ஏன் வளர்கின்றன தெரியுமா?
கண்ணுக்குத் தெரியாமல் அங்கே ஒரு தசை
ஓயாமல் இழுத்துக்கொண்டே இருப்பதால்."

தசையின் பெயரையும் சொன்னார்:
வில்மா டாய்க்.
அறுவை அரங்கில் பஞ்சு எண்ணும் செவிலி.
ஒருநாள் இரவு இரண்டே காலுக்கு
தையல் ஊசி அவர் கையில் இருக்க
"ஒன்று குறைகிறது" என்றாள்.
எண்ணிப் பார், எண்ணிவிட்டேன்,
மறுபடி எண்ணு, எண்ணிவிட்டேன்.
அவர் கத்தினார். அவள் நகரவில்லை.
கல்லீரலுக்குப் பின்னால் கிடந்தது.

அவர் போன பிறகு
இஷ்பெல் பழைய இதழ்களைத் தேடினாள்.
வில்மாவுக்கு மூன்று வரி, தங்கை காசு கட்டியது.
எழுத்துக் கணக்கில் கட்டணம் என்பதாலோ என்னவோ
அன்புக்குரியகூட இல்லை.

பிப்ரவரியில், பாலத்தில் பனி நின்ற ஒரு வாரத்தில்,
இழுப்பறை திறந்தது.
தேதியைச் சேர்த்தாள்.
ஏழு எழுத்தை எடுத்தாள்.
அந்த இடைவெளியில் ஒரு பெயர் அடங்காது,
அதனால் அவர் வாங்கிய பதக்கங்களில் இரண்டைக் குறைத்து
பஞ்சு எண்ணியவளை உள்ளே விட்டாள்.

வெள்ளிக்கிழமை மருமகனின் கடிதம் வந்தது:
இத்தனை பெரிய மனிதருக்கு
அந்த ஒரு சொல்லைக்கூடப் போட மனம் வரவில்லையா?

இன்னும் பதில் எழுதவில்லை.
மேஜையில் கடிதம் கிடக்கிறது.
சும்மா இருக்கும்போதெல்லாம் இஷ்பெல்
கட்டைவிரல் மேட்டை அழுத்திப் பார்க்கிறாள்.
உள்ளே ஏதோ இழுக்கிறது.